ஊர்க் கேள்வியும் கல்லூரி மாணவரும்

(ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

பல்கலைக்கழக மாணவர்கள் தாமே நடத்தும் திட்டப்பணிகள் வாயிலாகப் பல்துறை ஆராய்ச்சியைக் கற்றல் என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருளாகும். இதனைக் கேட்டவுடன், "இது கல்லூரி மண்டபத்தில் பேச வேண்டிய செய்தி ஆயிற்றே, ஊராட்சி உறுப்பினருக்கும் உழவருக்கும் இதனால் ஆவது என்ன?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் ஆண்டுதோறும் மாணவர்கள் நம் ஊர்களுக்கு வந்த வண்ணம் இருக்கின்றனர். வேளாண்மைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமப்புற வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காக வந்து தங்குகின்றனர். 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தைச் சார்ந்த மாணவர்கள் முகாம் அமைக்கின்றனர். 2014-ஆம் ஆண்டில் தோன்றிய உன்னத பாரத் இயக்கத்தில் சேர்ந்துள்ள கல்லூரி ஒவ்வொன்றும் குறைந்தது 5 ஊர்களைத் தத்தெடுத்துக் கொள்ள வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. இம்மாணவர்கள் யாது செய்கின்றனர், யாது கற்கின்றனர், அதில் நமக்குரிய பங்கு யாது என்பவற்றை நாம் அறிந்திராவிடில், வந்தவர் வந்தவாறே செல்வர். நாமும் இருந்தவாறே இருப்போம். ஆதலால் இப்பொருளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

தொல்லைக்குத் துறை இல்லை

கல்வி நிலையங்களில் அறிவைப் பல துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வேதியியல் ஒரு கட்டடம், மருத்துவம் வேறொரு கட்டடம், வேளாண்மை மற்றொன்று, பொருளாதாரம் பிறிதொன்று. ஒரு துறையில் ஆழ்ந்து பயில்வதற்கு இப்பிரிவினை வேண்டியதே. ஆனால் ஊரில் தோன்றும் தொல்லை எதுவும், "நான் வேதியியலைச் சேர்ந்தவன்" என்று தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. உங்களில் பலருக்கு நேரிலே தெரிந்த ஒரு தொல்லையை எடுத்துக்கொண்டு இதனை விளக்குகிறேன்.

குடிநீரில் மிகுதியாகக் கலந்திருக்கும் புளோரைடு என்னும் உப்புப் பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டங்களில் இதனால் மக்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அவ்விரு மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் புளோரைடு 1 மில்லி கிராமுக்கு மேற்படாதிருப்பது நன்று. வேறு நீருக்கு வழி இல்லாதபோது 1.5 மில்லி கிராம் வரை ஏற்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு வரையறுத்துள்ளது. அவ்வளவைத் தாண்டிய நீரை நெடுங்காலம் அருந்தினால், பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளின் பற்கள் கறைபடும். பெரியோருக்கு மூட்டுகள் இறுகி, முதுகு வளையாமற் போகும். நீரைக் காய்ச்சிக் குடித்தால் கிருமி அழியும்; புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்நோய் நம் நாட்டில் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பது நாம் அறிந்து பெருமைப்படத் தக்க செய்தியாகும். 1937-ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் மக்களிடையே இந்நோய் இருப்பதை மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆனால் அவர்களுக்கு முன்பே அப்பகுதி உழவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தனர். தங்கள் உழவு மாடுகள் மூட்டுகள் வலித்து, விறைத்து, நடக்கவியலாமல் முடங்குவதை அவர்கள் கண்டிருந்தனர். நோயின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நீரைப் பகுத்துப் பார்க்கும் கருவியும் அவர்களிடம் இல்லை. எனினும் முதற்கண் பார்த்தவர்கள் அவர்களே. ஆராய்ச்சியின் தொடக்கம் ஓர் உழவர் தம் தொழுவத்தில் நின்று, "இந்த மாடு ஏன் இப்படி நடக்கிறது?" என்று கேட்ட கேள்வியில் இருக்கிறது.

நிற்க. இக்கேள்விக்கு எத்துறையார் விடையளிப்பது? புளோரைடு பாறையிலிருந்து நீரில் கரைகிறது. ஆகவே நிலவியல் அறிந்தவர் வேண்டும். அதன் அளவைக் காண வேதியியல் வேண்டும். பல்லையும் எலும்பையும் பார்க்க மருத்துவம் வேண்டும். மாட்டைப் பார்க்கக் கால்நடை மருத்துவம் வேண்டும். ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்டால் அது பாசனத்தையும் பயிர் முறையையும் சார்ந்த வேளாண்மைக் கேள்வியாகிவிடும். எந்தத் தெருவினர் எந்தக் குழாயில் நீர் பிடிக்கின்றனர் என்று கேட்டால் அது சமூகத்தைப் பற்றிய கேள்வியாகிவிடும்.

இன்னும் ஒன்று கூறுகிறேன். ஆந்திரத்தின் பகுதியாக அந்நாளில் இருந்த நல்கொண்டா வட்டாரத்தில், புளோரைடு நோய் கண்ட சிலருக்கு முழங்கால்கள் உட்புறமாக வளைந்து போவதை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1973-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அதன் காரணத்தைத் தேடிச் சென்றவர்கள், நாகார்ஜுனசாகர் அணையால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்ததையும், மண்ணின் தன்மை மாறியதையும், அம்மண்ணில் விளைந்த சோளத்தில் சில தாதுக்களின் அளவு மாறியதையும், அச்சோளத்தை உண்டவரின் எலும்பையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கருத்துரைத்தனர். அணை, மண், தானியம், எலும்பு என்று நான்கு துறைகள் ஒரு முழங்காலில் வந்து கூடிவிட்டதைப் பாருங்கள். பல துறையினர் ஒருங்கே அமர்ந்து ஒரே கேள்விக்கு விடை தேடுவதைத்தான் பல்துறை ஆராய்ச்சி என்கிறோம்.

மாணவர் தாமே நடத்தும் பணி

இத்தகைய ஆராய்ச்சியைப் புத்தகத்தைப் படித்து மட்டும் கற்றுவிட முடியாது. நீந்தக் கற்பவன் நீரில் இறங்க வேண்டுவது போல, மாணவர்கள் ஓர் உண்மையான வேலையில் இறங்கியே இதனைக் கற்க வேண்டும். அதற்காக ஏற்பட்டதே மாணவர் திட்டப்பணி. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். திட்டப்பணியில் எடுத்துக்கொள்ளும் கேள்விக்கு விடை ஒருவருக்கும் தெரியாது. மாணவர்களே குழுவாகச் சேர்ந்து, கேள்வியை வகுத்து, வேலையைப் பங்கிட்டு, செலவுக் கணக்கு எழுதி, முடிவுக்குப் பொறுப்பேற்கின்றனர். பேராசிரியர் அருகிலிருந்து வழிகாட்டுவார். கலப்பையைப் பிடிப்பவர்கள் மாணவர்களே.

வெவ்வேறு துறை மாணவர் கூடும்போது முதலில் எழும் இடையூறு மொழியாகும். எல்லாரும் தமிழில்தான் பேசுவர். ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. "மாதிரி" என்னும் ஒரு சொல்லைப் பாருங்கள். வேதியியல் மாணவர் "மாதிரி" என்றால், அது குப்பியில் எடுத்த கிணற்று நீர். புள்ளியியல் மாணவருக்கு அது, ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் பதிலாகத் தேர்ந்தெடுத்த சில வீடுகள். பொறியியல் மாணவருக்கு அது, செய்யப்போகும் கருவியின் சிறு உருவம். "மாதிரி தயார்" என்று ஒருவர் சொல்ல, மூவர் மூன்று பொருளைத் தேடுவர். இவ்விடத்தில்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது. தன் துறைக்கு வெளியே இருப்பவருக்குத் தன் கருத்தை விளங்க வைக்கவும், பிறர் கேட்கும் எளிய கேள்வியை ஏளனம் செய்யாமல் ஏற்கவும் மாணவர் பழகுகின்றனர். இப்பழக்கம் வந்தவருக்குத்தான் நாளை ஓர் உழவரிடமும் பேசத் தெரியும்.

மாணவர்களால் பெரிய வேலைகளைச் செய்ய இயலுமா என்று ஐயுறுவோர்க்குச் சில சான்றுகள் கூறுகிறேன். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள், அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான 40 கிலோ எடையுள்ள அனுசாட் என்னும் செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதற் செயற்கைக்கோள் அதுவே. அடுத்த ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், ஹைதராபாத்தையும் பெங்களூரையும் சேர்ந்த 7 கல்லூரிகளின் மாணவர்கள் கூடிச் செய்த ஸ்டட்சாட் சென்றது. அதன் எடை 1 கிலோவுக்கும் குறைவு. 2017-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், நம் கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள நியூசாட் சென்றது. பயிர்களைக் கண்காணிப்பதற்கும் பேரிடர்க் காலத்தில் உதவுவதற்கும் படம் எடுத்தலே அதன் நோக்கமாக இருந்தது. ஒரு சிறு செயற்கைக்கோளுக்கும் உடலைச் செய்பவர், மின்சாரம் அமைப்பவர், வானொலித் தொடர்பு அறிந்தவர், கணிதம் வல்லவர், கணிப்பொறி வல்லவர் ஆகிய பலரும் வேண்டும். ஒருவர் சுமையைக் கூட்டினால் மற்றவர் குறைத்தாக வேண்டும். ஒருவரை ஒருவர் கேளாமல் அங்கு எதுவும் நடவாது.

பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்களின் பிரதம் என்னும் செயற்கைக்கோளிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்று. அப்பணி 2007-ஆம் ஆண்டில் தொடங்கியது. செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில். ஒரு மாணவர் கல்லூரியில் இருப்பதோ நான்கைந்து ஆண்டுகள். தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் வேலை நிற்கவில்லை. செய்தவற்றை எழுதி வைத்து, பின்வந்தவர் கையில் ஒப்படைத்து, அவர்கள் அடுத்தவர் கையில் ஒப்படைத்ததால் அது நிறைவேறியது. குறிப்பேடு இல்லையேல் அப்பணி இடையில் நின்றிருக்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருகிறேன்.

கேள்வியே மாறிய வரலாறு

இனி, ஊரை நேரில் சென்று பார்ப்பதால் விளையும் நன்மைக்கு ஒரு சான்று. அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், வணிக நிர்வாகம், கணிப்பொறி, பொறியியல் முதலிய வெவ்வேறு துறைகளில் பயின்ற மாணவர் சிலரிடம் 2007-ஆம் ஆண்டில் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்துக் காக்கும் இன்குபேட்டர் என்னும் பெட்டியின் விலை மிக அதிகம். நேபாளம் போன்ற நாடுகளுக்காக அதனை மலிவாகச் செய்ய வேண்டும் என்பதே அவ்வேலை. மாணவர்கள் பல்கலைக்கழகத்திலேயே அமர்ந்து பெட்டியின் உறுப்புகளைக் குறைத்திருக்கலாம். ஆனால் அவர்களுள் ஒருவர் நேபாளத்துக்கே சென்று மருத்துவமனையைப் பார்த்தார். அங்கே நன்கொடையாக வந்த பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. காரணம் என்னவெனில், குறைமாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் நெடுந்தொலைவிலுள்ள மலைக் கிராமங்களில் பிறந்தனர். மருத்துவமனைக்கு வந்து சேரவே அவர்களால் இயலவில்லை. பெட்டியின் விலையைக் குறைப்பதால் மட்டும் அக்குழந்தைகள் பிழைக்க மாட்டா என்பது விளங்கிற்று.

அன்றே கேள்வி மாறியது. "மருத்துவமனைப் பெட்டியை மலிவாக்குவது எப்படி?" என்றிருந்த கேள்வி, "மின்சாரமில்லாத குடிசையில் ஒரு தாய் தன் குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருப்பது எப்படி?" என்று ஆயிற்று. உருகும் மெழுகு போன்ற ஒரு பொருளை உறையில் இட்டு, அதனைச் சூடாக்கிச் சிறு மெத்தைப் பையில் வைத்து, சில மணி நேரம் 37 டிகிரி வெப்பம் நிலைத்திருக்குமாறு செய்தனர். பின்னர் அவர்கள் நம் நாட்டிற்கு வந்து, பெங்களூரில் இருந்துகொண்டு அதனை வளர்த்தனர். ஊருக்கு வராதிருந்தால், தவறான கேள்விக்கு மிகச் சரியான விடையை அவர்கள் கண்டுபிடித்திருப்பர்.

நம் ஊரில் நடந்தால்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். புளோரைடு மிகுந்த ஓர் ஊராட்சிக்கு ஐந்தாறு துறை மாணவர்கள் கூடி வருவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் செய்யத்தக்கது என்ன?

முதல் வேலையாக, ஊர்ப் பொதுவிடத்தில் கோலப்பொடியைக் கொண்டு ஊரின் படத்தைத் தரையில் வரையச் செய்யலாம். வேளாண்மைக் கல்லூரி மாணவர் இவ்வாறு செய்வதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வரைபவர்கள் ஊராராக இருத்தல் வேண்டும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, கைப்பம்பு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் ஆகிய ஒவ்வொன்றையும் குறித்து, எத்தெருவினர் எதில் நீர் எடுக்கின்றனர் என்பதையும் குறிக்கவேண்டும். ஆடவர் வரைந்த படத்தில் இல்லாத ஊற்று ஒன்று பெண்கள் வரைந்த படத்தில் இருக்கக்கூடும்.

அடுத்து, ஒவ்வொரு நீர்நிலையிலும் நீர் எடுத்து, குப்பியின்மீது இடத்தையும் நாளையும் எழுதிச் சோதித்தல் வேண்டும். 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ், ஊருக்கு 5 மகளிருக்குக் களச்சோதனைப் பெட்டி கொண்டு நீரைச் சோதிக்கும் பயிற்சி அளிக்க ஏற்பாடு உள்ளது. அவர்களும் மாணவரும் சேர்ந்தே இதனைச் செய்யலாம். ஐயத்திற்குரிய நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக் கூடத்திற்கு அனுப்பி உறுதிசெய்து கொள்ளவேண்டும். மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

மருத்துவ மாணவர், பெற்றோரின் இசைவோடு பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கலாம். கால்நடை மருத்துவ மாணவர் தொழுவங்களைப் பார்க்கலாம். ஊட்டச்சத்து பயிலும் மாணவி, பாலும் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் எந்த வீட்டில் எவ்வளவு உண்ணப்படுகின்றன என்று கேட்டறியலாம். சுண்ணாம்புச் சத்து நிறைந்த உணவு இந்நோயின் கொடுமையை ஓரளவு குறைக்கும். பொறியியல் மாணவர், படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடை அடியில் படியச் செய்யும் நல்கொண்டா முறையைச் செய்துகாட்டலாம். வணிகவியல் மாணவர், அதற்கு நாளொன்றுக்கு ஆகும் செலவையும், அதனைச் செய்ய ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கணக்கிடலாம்.

இவை யாவும் முடிந்தபின், மாணவர்கள் ஒரே பாயில் அமர்ந்து தங்கள் குறிப்புகளை ஒப்பிட வேண்டும். அங்கேதான் எதிர்பாராத விடை கிடைக்கும். ஒரு தெருவில் மட்டும் பிள்ளைகளின் பல் கறைபட்டிருப்பதை மருத்துவ மாணவர் கூறுகிறார். அத்தெருக் குழாயில் வரும் கூட்டுக் குடிநீர் நல்ல நீரே என்று வேதியியல் மாணவர் கூறுகிறார். முரண்பாடாகத் தோன்றுகிறதல்லவா? "அக்குழாயில் நீர் வருவது காலை பத்து மணிக்கு, அப்போது பெண்கள் வயல் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர், ஆகவே விடியலில் கைப்பம்பு நீரையே பிடித்து வைக்கின்றனர்" என்று சமூகப்பணி மாணவி தன் குறிப்பேட்டைப் படிக்கிறார். அவ்வளவில் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அத்தெருவுக்கு வடிகட்டும் கருவி வேண்டியதில்லை; டேங்க் ஆபரேட்டர் விடியற்காலையில் வால்வைத் திறந்தால் போதும். ஒரு துறை மாணவர் மட்டும் வந்திருந்தால், ஒரு கருவியை நிறுவி, புகைப்படம் எடுத்துக்கொண்டு சென்றிருப்பர். இது நான் விளக்கத்துக்காகக் கற்பித்துக் கூறியது. ஆயினும் இதுபோன்ற வால்வுகள் நம் ஊர்களில் எத்தனையோ உள்ளன என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

குறை நேரும் இடம்

நன்மையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது முறையாகாது. ஓர் ஊரில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவர்கள் வந்து வீடுதோறும் படிவம் நிரப்பிச் சென்றனர். கிணறுகளிலிருந்து நீரும் எடுத்துச் சென்றனர். முடிவு ஊருக்கு வரவேயில்லை. மறு ஆண்டு வேறொரு குழு அதே கேள்விகளோடு வந்தது. அப்போது ஒரு மூதாட்டி சொன்னார்: "தம்பி, போன வருஷம் வந்த பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. அந்த நோட்டை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா என்பதை மட்டும் யாராவது ஒருவர் வந்து சொல்லுங்கள்."

அந்த அம்மையார் கேட்டதில் தவறு என்ன? அந்த ஓராண்டும் அவர் வீட்டுப் பேரக் குழந்தைகள் அந்த நீரைத்தான் குடித்தனர். விடை ஒரு கல்லூரி அலமாரியில் இருந்தது. நீர் அவர்கள் குடத்தில் இருந்தது. மதிப்பெண் பெற்றவுடன் முடிந்துவிடும் பணி, ஊரைப் பொறுத்தவரை தொடங்காத பணியே ஆகும். மாணவருக்கும் அதனால் நட்டமே. தம் விடை பலித்ததா, பொய்த்ததா என்று திரும்பிவந்து பாராதவர் ஆராய்ச்சியின் பாதியைத்தான் கற்றவராவர்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இக்குறையைக் களைய ஊராட்சியால் இயலும். அதற்கென்று பெரும்பணம் தேவையில்லை. நான் கூற விரும்புவன ஆறு.

1. கேள்வியை நாமே கொடுப்போம். மாணவர் வந்தபின், "என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விடுவதைக் காட்டிலும், ஊருக்கு விடை வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளைக் கிராம சபையில் பேசி, தீர்மானமாக எழுதி வைப்பது நன்று. ஏரியில் நீர் ஏன் நிற்கவில்லை? எந்தக் கிணற்றில் உப்பு ஏறுகிறது? பால் கறவை ஏன் குறைந்தது? இத்தகைய கேள்விகளே போதும்.

2. பல துறையினரையும் அனுப்புமாறு கல்லூரியைக் கேட்போம். ஊராட்சியின் கடிதத்திலேயே, எந்தெந்தத் துறை மாணவர் தேவை என்று குறிப்பிடலாம். குழுவில் மாணவியர் இருந்தால் பெண்களிடம் செய்தி அறிவது எளிதாகும்.

3. ஊரில் துணைவரை அமர்த்துவோம். பட்டறிவுள்ள ஓர் உழவர், மகளிர் குழுவில் ஒருவர், ஊரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் என மூவர் அக்குழுவோடு தொடக்கமுதல் இறுதிவரை இருக்கட்டும். ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் மாணவரை அழைத்துச் செல்வது இவர்கள் கடமை. சாலையோரத் தெருவை மட்டும் காட்டி அனுப்பிவிடலாகாது.

4. இசைவு பெற்றே செய்யச் சொல்வோம். ஒருவரது உடலைப் பற்றியோ வருவாயைப் பற்றியோ கேட்கும்போது அவர் மறுக்கலாம். பெயரை வெளியிடாமல் எழுதுவதாக மாணவர் உறுதி தரவேண்டும்.

5. விடையைத் தமிழில், கிராம சபையில் படிக்கச் சொல்வோம். நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் நாட்களுள் மார்ச் 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் தினமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. நீரைப் பற்றிய ஆய்வைப் படிப்பதற்கு அதனினும் ஏற்ற நாள் எது? இரண்டு பக்கத்துக்கு மேற்படாத அறிக்கையாக, இன்ன கிணறு குடிக்கத் தக்கது, இன்னது தகாதது என்று தெளிவாக இருத்தல் வேண்டும். "இவ்வறிக்கையைப் படித்துக் காட்டுவோம்" என்ற உறுதியைக் கல்லூரியிடம் முதல் நாளே எழுத்தில் பெறுங்கள்.

6. ஊராட்சி அலுவலகத்தில் ஆய்வுப் பதிவேடு ஒன்று வைப்போம். யார் வந்தனர், எந்நாள் எந்தக் கிணற்றில் என்ன அளவு கண்டனர், எது முடிவுறாமல் நின்றது என்பவற்றை ஊராட்சிச் செயலர் அதில் எழுதிவரட்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவரிடம் முதலில் அப்பதிவேட்டையே கொடுங்கள். பிரதம் செயற்கைக்கோளை ஒன்பது ஆண்டுகள் தாங்கி நின்றது குறிப்பேடு என்றேன் அல்லவா? நம் ஊர் ஆய்வையும் அதுவே தாங்கும்.

இரண்டு ஐயங்கள்

"இவர்கள் பிள்ளைகள்தாமே; இவர்கள் சொல்வதை நம்பி ஒரு கிணற்றை மூடலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். மூடவேண்டாம். மாணவர் கண்டது வழிகாட்டும் விளக்கு, தீர்ப்பு அன்று. அதனைக் கொண்டு வாரியத்தின் சோதனைக்கூடத்தில் உறுதிசெய்த பின்னரே ஊராட்சி முடிவெடுக்க வேண்டும். ஆனால் அவ்விளக்கு இல்லையேல், எந்தக் கிணற்றைச் சோதிப்பது என்றே நமக்குத் தெரிந்திராது.

"மாணவர் வந்தால் திட்டம் வருமா, நிதி வருமா?" என்று மற்றொருவர் கேட்கலாம். மாணவர் திட்டப்பணி அரசுத் திட்டம் ஆகாது. அவர்கள் சாலை போட வரவில்லை. தொட்டி கட்டவும் வரவில்லை. அவ்வாறு நம்பிக்கையூட்டி அவர்களை வரவேற்பதும் தவறு. பின் ஏமாந்து வெறுப்பதும் தவறு. அவர்கள் தரக்கூடியது நம்பத்தக்க விவரம். அவ்விவரத்தோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வரும் தீர்மானத்துக்கும், வெறும் விண்ணப்பத்துக்கும் உள்ள வேற்றுமையை இருபக்கமும் பார்த்தவன் நான். "எங்கள் ஊருக்கு நல்ல நீர் வேண்டும்" என்ற விண்ணப்பம் பல விண்ணப்பங்களுள் ஒன்றாகக் கிடக்கும். "எங்கள் ஊரின் இன்ன மூன்று ஆழ்துளைக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் இவ்வளவு புளோரைடு, அவற்றை நம்பியிருப்பவை இத்தனை வீடுகள், வால்வு நேரத்தை மாற்றியும் இத்தெருவுக்கு நீர் எட்டவில்லை" என்ற தீர்மானத்தை எந்த அலுவலரும் ஒதுக்கி வைத்துவிட முடியாது.

நண்பர்களே! நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். ஒருவர் வேதியியல், ஒருவர் செவிலியம், ஒருவர் கணிப்பொறி, ஒருவர் வரலாறு என்று அவர்கள் வெவ்வேறு பேருந்துகளில் வெவ்வேறு கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். விடுமுறை நாட்களில் அவர்கள் அனைவரும் ஒரே ஊரில்தான் இருக்கின்றனர். வெளியிலிருந்து குழு வரும்வரை காத்திராமல், இப்பிள்ளைகளையே ஊராட்சி அலுவலகத்துக்கு அழைத்து, ஒரு கேள்வியை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் பழக்கமான செயல்தானே?

நெல்லூர்ப் பகுதி உழவர் தம் மாட்டின் நடையைக் கவனித்தனர். ஆராய்ச்சி பின்னால் வந்தது. அதுபோன்ற கண்கள் உங்களிடம் இருக்கின்றன. கருவியும் கணக்கும் மாணவரிடம் இருக்கின்றன. வரும் கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் ஊர் விடை வேண்டும் ஒரு கேள்வியையாவது தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் படியொன்றை அருகிலுள்ள கல்லூரி முதல்வருக்கும், மற்றொன்றை எனக்கும் அனுப்புங்கள். பல துறை மாணவரையும் ஒன்றுசேர்த்து அனுப்புமாறு கல்லூரியோடு பேசும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். விடை வந்து சேரும்வரை விடாமல் கேட்கும் பொறுப்பு உங்களுடையது.